டிக்கோரா சொன்ன பலன்

என் கல்யாணத்தை மூன்று தடவை பல்லி நிறுத்தியிருக்கிறது. மாப்பிள்ளை நிறுத்தினான், மாமியார் நிறுத்தினாள் என்றால் ஆளைப் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம். சுவரில் ஒட்டிக்கொண்டு கொசு தின்கிற ஜந்துவிடம் போய் என்ன கேட்க? டவுன் கீழரத வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் அந்தச் சனியனுக்கு இருந்த மரியாதையில் பாதி எனக்கு இருந்ததில்லை. எனக்கு வயது இருபத்தாறு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தினமும் முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் வாய்க்கு விலையே கிடையாது.

அப்பா காந்திமதிநாதன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிறவியிலேயே அவர் இப்படி இல்லை. தன் தங்கை வடிவு அத்தைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் மாப்பிள்ளை பேசித் தட்டு மாற்றிய அன்றைக்குத் தெற்கே பல்லி சொல்லியிருக்கிறது. இளவட்டமாக இருந்த அப்பா, பல்லிக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினார். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெள்ளத்தில் அத்தையின் வீடு ஆற்றோடு போயிற்று. அத்தையும் போனாள். அதற்குப் பிறகு அப்பா பல்லியைக் கேட்காமல் ஒரு மூட்டை அரிசிகூட வாங்கியதில்லை.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. தெற்கே சொன்னால் ஆகாது. கிழக்கே சொன்னால் அமோகம். தெற்கே ஒன்று சொல்லி, வந்தவர்கள் படி இறங்குவதற்குள் கிழக்கே இன்னொன்று சொல்லிவிட்டால் முதலாவது தள்ளுபடி. இந்த இரண்டாவதற்கு மறுபல்லி என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் மறுபல்லியைக் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். என் அண்ணன் மகேஸ்வரன் ஒரு தடவை குற்றாலம் போகிற ஆசையில் கதவுக்குப் பின்னால் நின்று நாக்கைத் தட்டி மாட்டிக்கொண்டதிலிருந்து அப்படி. மனுஷ நாக்கின் சத்தம் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அண்ணன் இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு தீவு, தீவு முழுக்கப் பூதங்கள். ஒன்றைப் பிடித்து, வளர்த்து, மற்றதோடு சண்டைக்கு விட வேண்டும். ஆரம்பத்தில் மூன்று குட்டிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்பார்கள். தவளை மாதிரி ஒன்று, பருந்து மாதிரி ஒன்று, பல்லி மாதிரி ஒன்று. பல்லியைத்தான் எடுத்தேன். வீட்டில் உள்ள பல்லி நான் சொல்கிறபடி கேட்காது, இதாவது கேட்கட்டும் என்ற ஆத்திரம்தான், வேறென்ன.

அதன் பேர் டிக்கோரா. நெற்றியில் மூன்றாவதாக ஒரு கண். முதுகில் சீப்புப் பல் மாதிரி முள். சண்டையில் தோற்கிற கட்டம் வந்தால் வாலைக் கழற்றி எதிராளி முன்னால் போட்டுவிட்டு ஓடிப்போகும்; அடுத்த சண்டைக்குள் புதுவால் முளைத்துவிடும். அதன் பெயரைத் தேர்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் 'ட்டிக் ட்டிக் ட்டிக்' என்று குரல் கொடுக்கும். முதல் தடவை அண்ணன் அமுக்கிக் காட்டியபோது அம்மா அடுக்களையிலிருந்து "கிழக்கையா சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே தரையில் விரலால் தட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், "அந்தச் சவத்தைத் தூக்கி அங்கன போடு" என்றாள். அப்பா அப்போது வீட்டில் இல்லை.

சிவசங்கரன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தது ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாபநாசம் பவர் ஹவுசில் வேலை. அவருடைய அப்பா, அம்மா, அவர் என்று மூன்று பேர்தான் வந்தார்கள். நான் காபி கொடுத்தேன், கும்பிட்டேன், அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். இதெல்லாம் எனக்குப் பழகிப்போன கூத்து. மூன்று தடவை ஆடியாயிற்று, இது நாலாவது என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளைக ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கிடட்டுமே" என்று அவருடைய அப்பாதான் சொன்னார். என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்தவர்கள் சொல்லும்போது என்ன செய்ய? கிணற்றடிக்குப் போனோம். துணி துவைக்கிற கல்மேல் காலையில் நான் வைத்துவிட்டு மறந்த விளையாட்டுப் பெட்டி கிடந்தது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தேன்.

"இது என்னது?" என்று எடுத்துப் பார்த்தார். சொன்னேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன், சிரிக்கவில்லை. திரையில் நின்ற டிக்கோராவைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வாலைப் போட்டுவிட்டு ஓடுகிற கதையைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு வலிக்காதா?"

எத்தனையோ மாதமாக அந்தப் பல்லியை வளர்க்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. தெரியாது என்றேன். பிறகு என்னவோ, எங்கள் வீட்டுப் பல்லியின் கதையையும் அவரிடம் கொட்டிவிட்டேன். வாயை அடக்கத் தெரியாதவள் நான்.

"எங்க பவர் ஹவுசுல பல்லி ரெண்டு கம்பிக்கு நடுவுல விழுந்தா ஊரு பூரா கரண்டு போயிரும்" என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்ச பல்லி பலன் அது ஒண்ணுதான்."

நான் சிரித்துவிட்டேன். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பொண்ணு இப்படிச் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்பது சிரித்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு அது குறையாகத் தெரிந்த மாதிரி இல்லை. "எனக்குச் சம்மதம். ஒங்களுக்கு?" என்றார். என்னை யாரும் கேட்காத கேள்வி. "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன்.

முன்கூடமான பட்டாசலில் காரியம் மளமளவென்று நடந்தது. அவருடைய அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு தட்டில் கை வைத்தார்.

தெற்குச் சுவரில் காலண்டருக்குப் பின்னாலிருந்து பல்லி சொல்லியது.

அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா ஒன்றும் கேட்காத மாதிரி, "காப்பி இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டாள். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்.

"யோசிக்கவா?" சிவசங்கரனின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பதான தட்டத் தொட்டிய? அதுக்குள்ள என்ன வந்துட்டு? நாங்க என்ன வேலவெட்டி இல்லாமலா பாவநாசத்துலருந்து பஸ் ஏறி வந்திருக்கோம்? அடுத்த ஞாயித்துக்கிழமை அம்பாசமுத்திரத்துல ஒரு பொண்ணு பாக்கக் கூப்பிட்டிருக்காவ. ஒங்க பொண்ணு பிடிச்சிருக்குன்னுதான் தட்டு மாத்தச் சொன்னேன்."

"கோவப்படாதிய. பல்லி தெக்க சொல்லிட்டு. ஒரு தடவை பட்டவன் நான்" என்றார் அப்பா.

"பல்லியா!" என்று அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். ராகு காலம் பிறந்துவிட்டால் இன்று ஒன்றும் நடக்காது. இன்று நடக்காவிட்டால் அவர்கள் மானம் கெட்டு இன்னொரு தடவை இந்தப் படி ஏற மாட்டார்கள். சிவசங்கரன் வாயைத் திறக்கப் போக, "நீ சும்மா இருலே" என்று அவர் அம்மா அதட்டினாள்.

நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மடியில் பெட்டி இடுப்பை அழுத்தியது. பட்டாசலுக்குக் கிழக்கே எங்கள் அரங்கு வீடு, அரிசிப் பானையும் பழைய பாத்திரமும் போட்டு வைக்கிற ஜன்னல் இல்லாத அறை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கால்தான் என்னைக் கொண்டுபோயிற்று.

கதவைப் பைய ஒருக்களித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். பெட்டியை முடுக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அது வெளியே கேட்டால் தொலைந்தேன். ஒலியைக் குறைத்துவைத்து, சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பெட்டியின் வாயில் அடைத்துக்கொண்டு முடுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தீவு வந்தது. பட்டியலைத் திறந்து பெயரைத் தேடுவதற்குள் விளக்கு மங்கி, திரை வெளுத்து, பெட்டி அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. காலையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நான்தானே தீர்த்தேன்!

வெளியே நாற்காலி நகர்கிற சத்தம். "எந்திரிங்க, போவோம்" என்றாள் அந்த அம்மாள். "இருங்க மதினி, பலகாரம் அப்படியே இருக்கே, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று என் அம்மா கெஞ்சினாள். என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

பின்மூடியைக் கழற்றினேன். கை வேர்த்து வழுக்கியது. இரண்டு பென்சில் பேட்டரியையும் எடுத்து, ரேடியோவுக்குச் செய்வதுபோல ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். தகரக் கசப்பு நாக்கில் பட்டது. திருப்பிப் போட்டு முடுக்கினேன். விளக்கு எரிந்தது, மினுக் மினுக்கென்று. முருகா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டே பட்டியலைத் திறந்தேன். மூன்று கண்ணையும் விழித்துக்கொண்டு டிக்கோரா வந்து நின்றது. தலைப்பை எடுத்தேன், ஒலியை முழுக்கத் திருப்பினேன், பொத்தானை அமுக்கினேன்.

'ட்டிக் ட்டிக் ட்டிக்.'

வீடு கப்பென்று அடங்கியது.

"கிழக்க!" என்று அம்மா கத்தினாள். "கேட்டியளா? கிழக்க சொல்லுது! மறுபல்லி!" அம்மாவுக்கு அந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியும். தெரிந்தேதான் கத்தினாள். என் அம்மா கோமுவை எனக்கு அதற்கு முன்னால் அவ்வளவு பிடித்ததில்லை.

பட்டாசலில் விரலால் தரையைத் தட்டுகிற ஓசை கேட்டது. அப்பாவின் விரல்தான். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அடுத்த வார்த்தையில் நின்றது.

"பாத்துட்டு வாரேன்" என்றார் அப்பா. "கோமு, அந்த டார்ச்ச எடு."

"நான் பாக்குதேன், நீங்க இருங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்கள உக்காரச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"என் கண்ணால பாக்கணும்."

அவருடைய காலடி கிட்டே வந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லை. அரிசிப் பானைக்குள் பெட்டியைப் போட்டுவிடலாம் என்று மூடியைத் தூக்கினேன். அதற்குள் கதவு திறந்து டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். வெளிச்சம் சுவர் மூலையெல்லாம் ஓடியது, உத்தரத்தில் ஏறியது, அங்கிருந்து இறங்கி என் கையில் வந்து நின்றது.

"ஏட்டி, என்னது அது?"

பொய் ஒன்றும் வரவில்லை. பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கித் திரையைப் பார்த்தார். மங்கின வெளிச்சத்தில் டிக்கோரா நின்ற இடத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா சொல்லிச்சு?"

"ஆமாப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "இதுலயா ட்டி விளையாடுவ?" என்றார் மெதுவாக, வெளியே கேட்காத குரலில். "நான் என்ன கூறுகெட்டுப்போயா பல்லி பாக்கேன்? வகுப்புல பிள்ளைக சிரிக்கது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் தங்கச்சிய இந்தக் கையால தட்டு நீட்டி அனுப்பினேன். அவ எலும்புகூடக் கிடைக்கல. ஒன்னையும் அப்படி அனுப்பச் சொல்லுதியா?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அத்தை பன்னெண்டு வருஷம் அந்த வீட்ல சந்தோஷமா இருந்தாங்கப்பா. அவங்க சிரிக்கது அடுத்த தெருவுக்குக் கேக்கும்னு நீங்கதான சொல்லுவிய. அந்தப் பன்னெண்டு வருஷத்த எந்தப் பல்லி சொல்லிச்சு? வெள்ளத்துக்குத் தெக்கும் கிழக்கும் தெரியுமா? அன்னைக்குப் பல்லி சொல்லாத வீடெல்லாம் தப்பிச்சிட்டா?"

அப்பா கையைத் தாழ்த்தினார். டார்ச் வெளிச்சம் தரையில் கிடந்தது.

"மூணு தடவை பல்லியக் கேட்டிய" என்றேன். "அந்த மூணையும் நீங்க வேண்டாம்னு சொன்னப்ப நான் ஒரு வார்த்தை பேசல. ஏன்னா எனக்கும் அவங்களப் பிடிக்கல. பிடிக்கலன்னு என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஒரு தடவையாவது என்னைக் கேட்டியளா?"

வெளியே சிவசங்கரனின் அம்மா கேட்டாள், "என்ன, பல்லியப் பிடிக்கப் போனவர் அங்கனயே உக்காந்துட்டாரா?"

அப்பா பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போதே அதன் விளக்கு அணைந்துவிட்டது. இனி எத்தனை கடித்தாலும் எரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்கத் தெரியாத மனுஷன் இல்லை அவர், முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்று கேட்டவர். ஆனாலும் வாய் இரண்டு தடவை திறந்து மூடிய பிறகுதான் கேள்வி வந்தது.

"ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு ட்டி" என்றார். எழுந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து போனார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கிழக்கே பல்லி இருந்தது, பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் எழுந்து வாசல் நடைக்கே வந்துவிட்டார்கள். செருப்பு மாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

"பாத்தியளா, பல்லி இருக்கா?" என்றார் சிவசங்கரனின் அப்பா.

"உள்ள பல்லி ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "தெக்க சொன்னது சொன்னதுதான், அத மறைக்க மாட்டேன். ஆனா எம் பொண்ணு சொல்லுதா, பிடிச்சிருக்குன்னு. எனக்குச் சம்மதம். தட்டு மாத்திக்கிடுவோம்."

"பொண்ணு சொல்லுதாளா?" அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "இம்புட்டு நேரம் எங்கள நிக்க வச்சு, பல்லி, டார்ச்சுன்னு கூத்தடிச்சிட்டு, இப்பப் பொண்ணு சொல்லுதாளாக்கும்? பொண்ணு சொன்னா நாங்க மறுபடி உக்காரணுமா?"

"அம்மா" என்றார் சிவசங்கரன். அவர் இன்னும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். "நானும் சொல்லுதேன். உக்காருங்க."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அரங்கு வீட்டு ஒட்டடை தலையெல்லாம் படிந்து நான் எந்த லட்சணத்தில் நின்றேனோ தெரியாது. "ரெண்டும் வாயாடிக" என்றாள். "நல்லாச் சேந்துச்சு போ. சரி, வெரசாக் கொண்டாங்க, ராவு காலம் பொறக்கப் போவுது."

அப்பா தாம்பாளத்தின் முன்னால் வந்து நின்றார். வடிவு அத்தைக்காக நீட்டின அதே கை. குனிந்து தட்டைத் தூக்கினார். பழமும் பாக்கும் தட்டுக்குள் கிடுகிடுவென்று ஆடின. உதடு ஏதோ முணுமுணுத்தது, கண் மூடியிருந்தது. அவ்வளவு பயத்தோடு ஒரு மனுஷன் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா ஓடிப்போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து நீட்டினார்கள்.

சிவசங்கரனின் அப்பா வாங்கிக்கொண்டார். நான் மாமியார் முன்னால் நிற்கிறேன் என்கிற கூச்சம்கூட இல்லாமல், அப்பா என்று கூப்பிட்டு அழுதேன்.